ஜேம்ஸ் வாட்டின் பதினோர் ஆண்டுகள்

கேத்திலின் மூடியை ஆவி தள்ளுவதைக் கண்ட சிறுவன் ஒருவன் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தான் என்ற கதையைக் கேளாமல் நம்முள் எவரும் பள்ளிக்கூடத்தைக் கடந்து வந்ததில்லை. முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த நானும் அக்கதையை ஆண்டு தவறாமற் சொல்லி வந்தேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், சொல்வதற்கும் எளிது. ஆயினும் அக்கதையினால் அம் மனிதருக்கு நாம் அநீதி இழைக்கிறோம் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன். எண்ணம் உதித்துவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று அக்கதை பிள்ளைகளை நம்ப வைக்கிறது. ஜேம்ஸ் வாட்டின் வாழ்விலோ எண்ணம் உதித்தது 1765 ஆம் ஆண்டு. அவ்வெண்ணம் ஒரு சுரங்கத்தின் வாயிலில் இயங்கும் எஞ்சினாக நின்றது 1776 ஆம் ஆண்டு. இடையிற் சென்ற பதினோர் ஆண்டுகளே அவருடைய உண்மையான கதை.

இக்கதையை மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி செய்தவன் என் பழைய மாணவன் ஒருவன். சென்ற மாரி காலத்தில், மழை விட்டிருந்த ஒரு மாலை வேளையில், அவன் என்னைத் தேடி வந்தான். கூட்டுறவுச் சங்கங்கள் தம் கணக்குகளைக் கணினியில் வைத்துக்கொள்வதற்கான மென்பொருள் ஒன்றை ஆக்கி விற்பதற்காக, தோழர் இருவரோடு சேர்ந்து சிறு கம்பனி ஒன்றை அவன் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. அறைக்கு வாடகை கொடுக்க வேண்டும். தாயாரின் நகைகள் அடைவில் இருந்தன. ஆதலால் பகலில் வெளிநாட்டவர்க்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்தான். மாலையில் ரியூசன் வகுப்பு எடுத்தான். இடையிடையே வேறொரு தொழிலுக்கான யோசனையும் வந்து போயிற்று. எடுத்துக்கொண்ட மென்பொருள் பாதியில் நின்றது. தனக்கு மன ஒருமைப்பாடு இல்லை என்றும், அதனைப் பெறும் வழியைச் சொல்ல வேண்டும் என்றும் அவன் கேட்டான்.

ஆசிரியர்கள் இத்தகைய வேளையிற் சொல்லும் அறிவுரை எனக்கும் மனப்பாடம். அதைச் சொல்ல வாயெடுத்தவன், ஏனோ நிறுத்திக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வரும்படி சொல்லி அவனை அனுப்பிவிட்டு, அலுமாரியிலிருந்த வாட்டின் வரலாற்றை எடுத்து விரித்தேன்.

வாட் 1736 ஆம் ஆண்டு தை மாதம் 19 ஆந் திகதி ஸ்கொத்லாந்திலுள்ள கிறீனொக் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் கப்பல்களுக்கு வேண்டிய பொருள்களை விற்ற வணிகர், கைத்தொழிலும் அறிந்தவர். மெலிந்த உடல்; ஓயாத தலைவலி; எதிலும் கேட்டையே முன்னறியும் மனம். இம்மூன்றும் வாட்டை நெடுங்காலம் விட்டு நீங்கவில்லை. ஆனால் தந்தையாரின் பட்டறையிற் பழகிய விரல்கள் அவருக்கு வாய்த்திருந்தன. 1755 ஆம் ஆண்டு இலண்டன் சென்று, பல்லாண்டு பயில வேண்டிய கருவித் தொழிலை ஓராண்டிற் கற்றுத் திரும்பினார். 1757 ஆம் ஆண்டு கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் தன் வளவினுள்ளேயே அவருக்கு ஒரு பட்டறையை ஒதுக்கிக் கொடுத்தது. தராசு, அளவுகருவி, புல்லாங்குழல் என எது கேட்டாலும் அவர் செய்து கொடுத்தார். வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்த பேராசிரியர் ஜோசப் பிளாக் அங்கே அவருக்கு நண்பரானார்.

நீராவி எஞ்சின் வாட்டுக்கு முன்னரே இருந்தது. நியூக்கோமன் என்பவர் 1712 ஆம் ஆண்டிலேயே, அதாவது வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே, சுரங்க நீரை இறைக்கும் எஞ்சினை இயக்கிக் காட்டிவிட்டார். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அவ்வெஞ்சினின் சிறு மாதிரி ஒன்று 1763-64 ஆம் ஆண்டு மாரியில் வாட்டிடம் திருத்துவதற்கு வந்தது. திருத்தினார், ஆயினும் அது சில அடிகள் இயங்கி நின்றுவிட்டது. கொதிகலம் தந்த ஆவி போதவில்லை. ஏன் என்று ஆராய்ந்தார்.

அவ்வெஞ்சினின் உருளையினுள் முதலில் ஆவி நிரம்பும். பின்னர் அதே உருளையினுள் குளிர்ந்த நீர் பாய்ச்சப்படும். ஆவி ஒடுங்கி வெற்றிடம் உண்டாக, மேலேயுள்ள வளியின் அழுத்தம் முசலத்தைக் கீழே தள்ளும். அடுத்த அடிக்கு, குளிர்ந்துபோன உருளையை மீண்டும் சூடேற்ற வேண்டும். ஆவியின் பெரும்பகுதி வேலை செய்வதில் அன்று, குளிர்ந்த இரும்பை மீண்டும் சூடாக்குவதிலேயே வீணாயிற்று. ஒரே பாத்திரத்தை ஒருகாற் சூடாகவும் ஒருகாற் குளிராகவும் இருக்கும்படி கேட்பதே குற்றம் என்பதை வாட் கண்டார். 1765 ஆம் ஆண்டு இளவேனிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவின் பசும்புற்றிடலில் உலாவும்போது பரிகாரம் அவர் உள்ளத்திற் பளிச்சிட்டது. ஆவியை வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிர்விப்பது. உருளை எப்போதும் சூடாகவே இருக்கட்டும், ஒடுக்கி எப்போதும் குளிராகவே இருக்கட்டும் என்பதே அது. சில நாள்களுக்குள் சிறிய மாதிரியொன்று செய்து தம் எண்ணம் சரியென்று கண்டுகொண்டார். அப்போது அவருக்கு வயது 29.

கேத்திற் கதை இங்கே முடிந்துவிடும். வாட்டின் துன்பம் இங்கேதான் தொடங்கிற்று.

அவர் முன்னரே மணஞ்செய்தவர். பிள்ளைகளைப் பேண வேண்டியவர். கடையிற் பங்காளியாயிருந்தவர் அதே 1765 ஆம் ஆண்டில் இறந்தார். பரிசோதனைகளுக்காகப் பிளாக்கிடமும் பிறரிடமும் பட்ட கடன் பெருகிற்று. ஜோன் றோபக் என்னும் வைத்தியரும் தொழிலதிபருமானவர் முன்வந்து, ஏறத்தாழ 1,000 பவுண் கடனைப் பொறுப்பேற்று, கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கினார். றோபக்குடைய நிலக்கரிச் சுரங்கங்களில் நீர் புகுந்துகொண்டிருந்தது. எஞ்சின் அவருக்கு உடனே தேவைப்பட்டது. 1769 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஆக்கவுரிமையும் கிடைத்தது. அதே ஆண்டில் கினீல் என்னும் இடத்திலுள்ள றோபக்கின் மாளிகைக்கு அருகே பெரிய எஞ்சின் ஒன்று எழுந்தது. அது செம்மையாக இயங்கவில்லை. அக்காலக் கொல்லர்களால் உண்மையான வட்டமாக ஓர் உருளையை ஆக்க இயலவில்லை. முசலத்துக்கும் உருளைக்கும் இடையே ஆவி ஒழுகிற்று. தக்கை, எண்ணெயூறிய துணி, பழைய தொப்பி, கடதாசிக் கூழ் என எதை அடைத்தாலும் ஒழுக்கு நிற்கவில்லை.

குடும்பத்துக்குச் சோறு வேண்டுமே! வாட் நில அளவையாளரானார். 1767 ஆம் ஆண்டு முதற் கால்வாய்களுக்கு வழியளந்தார். 1770 ஆம் ஆண்டு தொடக்கம் மொங்லாந்துக் கால்வாய் வேலையை ஆண்டுக்கு 200 பவுண் வேதனத்துக்கு மேற்பார்வை செய்தார். துறைமுகங்களையும் பாலங்களையும் பற்றி அறிக்கை எழுதினார். இவையெல்லாம் மதிப்புள்ள வேலைகள். அவர் அவற்றை நன்றாகவும் செய்தார். ஆயினும் மழையிலும் சேற்றிலும் நின்று கூலியாட்களோடு வழக்காடுவதும், ஒப்பந்தம் பேசுவதும், கணக்குத் தீர்ப்பதும் அவருக்கு வேம்பாய்க் கசந்தன. மாதக்கணக்கில் எஞ்சின் தொடப்படாமற் கிடந்தது. ஓய்வு கிடைத்துத் திரும்பி வரும்போது, விட்ட இடத்தை நினைவுகூர்வதற்கே நாள்கள் சென்றன.

இவ்விடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் இருந்தேன். நியூக்கோமனுடைய உருளையின் குற்றத்தைக் கண்டறிந்த மனிதர் தாமே அவ்வுருளையாகிவிட்டார். ஒருகாற் சூடு, ஒருகாற் குளிர். உள்ள ஆற்றலிற் பெரும்பகுதி, குளிர்ந்த மனத்தை மீண்டும் சூடாக்குவதிலேயே கழிந்தது. அவரிடம் உறுதி இல்லை என்று எவர் சொல்லத் துணிவார்? அவருக்கு இல்லாதது ஒடுக்கி ஒன்றே.

1773 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் அவர் ஸ்கொத்லாந்தின் வடபுலத்து மலைநாட்டிற் கால்வாய்க்கு வழியளந்துகொண்டிருந்தார். வீட்டில் மனைவி மாகிரற் பிள்ளைப்பேற்றிற் கடும் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. அவர் வந்து சேருமுன் மனைவி இறந்துவிட்டார். கண்டுபிடிப்பை ஒதுக்கிவைத்துக் குடும்பத்துக்காக ஏற்ற வேலையே, குடும்பத்தின் கடைசி நேரத்தில் அவரை அப்பாற்படுத்தி வைத்திருந்தது. அதே ஆண்டில் றோபக்கும் கடனில் மூழ்கினார். எட்டு ஆண்டுகளின் பின் வாட்டிடம் மிஞ்சியவை தாயில்லாப் பிள்ளைகள் இருவர், இயங்காத எஞ்சின் ஒன்று, ஆறாத சோர்வு.

இந்நிலையிற் கை கொடுத்தவர் மத்தியூ போல்ற்றன். பேர்மிங்ஹாமுக்கு அருகே சோஹோ என்னுமிடத்திற் பொத்தான், கொளுக்கி, வெள்ளிப் பாத்திரம் முதலியன செய்யும் பெருந்தொழிற்சாலையின் அதிபர் அவர். வாட்டை 1768 ஆம் ஆண்டிலேயே சந்தித்திருந்தார். மறுவருடம், இங்கிலாந்தின் மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் எஞ்சின் செய்யும் உரிமையைத் தருவதாக றோபக் கேட்டபோது, அவர் மறுத்தார். சிறிதாகச் செய்வது வீண். செய்தால் உலகம் முழுவதற்கும் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. றோபக் அவருக்கு 1,200 பவுண் கடன்பட்டிருந்தார். றோபக் நொடித்தபோது, மற்றைக் கடன்காரர் ஒரு சல்லிக்கும் மதியாத அந்த எஞ்சின் உரிமையைப் போல்ற்றன் தம் கடனுக்கு ஈடாக ஏற்றுக்கொண்டார். 1774 ஆம் ஆண்டு வைகாசியில் வாட் கால்வாய்களுக்கு விடைகொடுத்துவிட்டுப் பேர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தார்.

அதன் பின் நிகழ்ந்தவை எவ்வளவு விரைவானவை என்பதை வாசகர் நோக்க வேண்டும். பீரங்கிக் குழாய் குடையும் புதிய முறையொன்றைக் கண்டிருந்த ஜோன் வில்கின்சன், வட்டம் பிசகாத உருளையை வார்த்துக் குடைந்து கொடுத்தார். 1775 ஆம் ஆண்டு பாராளுமன்றம் தனிச்சட்டமொன்றினால் ஆக்கவுரிமையை 1800 ஆம் ஆண்டு வரை நீட்டிற்று. அதே காலத்தில் றஷ்யாவிலிருந்து ஆண்டுக்கு 1,000 பவுண் வேதனத்தோடு உத்தியோகம் ஒன்று அவரைத் தேடி வந்தது. கால்வாய் வேலை தந்ததைப்போல ஐந்து மடங்கு! வாட் போகவில்லை. 1776 ஆம் ஆண்டு பங்குனியில் புளூம்பீல்ட் நிலக்கரிச் சுரங்கத்திற் பலர் முன்னிலையில் எஞ்சின் இயங்கிற்று. எட்டு ஆண்டுகளில் முடியாதது இரண்டு ஆண்டுகளில் முடிந்தது. மனிதர் அவரே, மனமும் அதுவே. மாறியது அவரைச் சூழ்ந்திருந்த ஏற்பாடு.

வங்கியில் நயந்து நிற்பதும், வாங்குவோரைத் தேடுவதும், பெரிய மனிதரின் ஆதரவைப் பெறுவதும் போல்ற்றனின் வேலைகளாயின. வரைபடமும் பரிசோதனையும் வாட்டின் வேலைகளாயின. அவ்விருவரும் செய்தவற்றைப் போலவே, செய்யாது விட்டவையும் கருதத்தக்கவை. முதல் இருபது ஆண்டுகளுக்கு அவர்களிடம் எஞ்சின் வார்க்கும் தொழிற்சாலை இருக்கவில்லை. உருளையை வில்கின்சனிடம் வாங்கும்படி சுரங்க உடைமையாளருக்குச் சொன்னார்கள். மரமும் செங்கல்லும் அவ்வவ்வூரிற் கிடைப்பவை. வாயில்கள் முதலான நுண்ணிய உறுப்புகளையும் வரைபடங்களையும், எஞ்சினை நிறுத்திக் கொடுக்கும் அறிவையும் மட்டுமே தாங்கள் வழங்கினார்கள். விலையும் புதுமையானது: பழைய எஞ்சினோடு ஒப்பிடும்போது மிஞ்சும் எரிபொருளின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு. எனவே நிலக்கரி அருமையாயிருந்த கோர்ண்வாற் சுரங்கங்களே அவர்களை முதலில் வரவேற்றன. தம் எஞ்சின் எதில் வல்லதோ அதனை மட்டுமே விற்றார்கள்.

இதனால் எல்லாம் இனிதாயிற்று என்று எண்ணிவிடலாகாது. 1777 ஆம் ஆண்டு தொடக்கம் வாட் கோர்ண்வாலில் நீண்ட நாள்கள் தங்க நேர்ந்தது. அங்கே மீண்டும் பேரம், வழக்கு, கணக்கு; மீண்டும் தலைவலி. போல்ற்றனும் வந்து சுரங்க உடைமையாளரைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. வில்லியம் மேர்டொக் என்னும் திறமை மிக்க இளைஞர் எஞ்சின் நிறுத்தும் பொறுப்பை ஏற்றார். போல்ற்றனோ பல தொழில்களிற் கை வைத்தவர். கடன் அவர் கழுத்தை நெரித்தது. சொத்துக்களை விற்றும் ஈடுவைத்தும் எஞ்சினைக் காத்தார். பிறருடைய மனம் ஒன்றில் நிலைப்பதற்கு இடங்கொடுத்தவர் தாம் பலவற்றிற் சிதறி நின்றார் என்பது நினைக்கத்தக்கது.

நிலைபெற்ற மனத்திலிருந்து கண்டுபிடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றும் எஞ்சின் வேண்டுமென்று போல்ற்றன் தூண்ட, 1781 ஆம் ஆண்டு சூரியனும் கோளும் போன்ற பற்சக்கர அமைப்பு. 1782 இல் முசலத்தின் இருபுறமும் ஆவி வேலை செய்யும் எஞ்சின். 1784 இல் வாட் தம் ஆக்கங்கள் அனைத்தினும் மேலாகப் பெருமை கொண்ட சமாந்தர இயக்கம். ஆலை முதலாளிகளுக்கு எஞ்சினின் ஆற்றல் விளங்கும்பொருட்டு, ஒரு நிமிடத்தில் 33,000 அடி-இறாத்தல் வேலை என்று பரிவலுவை வரையறுத்தவரும் அவரே. 1800 ஆம் ஆண்டில் உரிமை முடிவுற்றபோது அவர்களுடைய எஞ்சின்கள் ஏறத்தாழ 500 எழுந்திருந்தன.

இதன் மறுபுறத்தையும் மறைத்தல் நேர்மையன்று. 1784 ஆம் ஆண்டளவில் மேர்டொக் நீராவியால் ஓடும் சிறு வண்டியொன்றைச் செய்தார். 1786 இல் அதற்கு உரிமை பெற இலண்டன் நோக்கிப் புறப்பட்ட அவரைப் போல்ற்றன் வழியில் மறித்துத் திருப்பி அனுப்பினார். வாட்டும் அம்முயற்சியை விரும்பவில்லை. அழுத்தம் மிக்க ஆவி அபாயமானது என்று அவர் அதனை ஒதுக்கினார். புதிய வகை எஞ்சின் செய்தோர்மேல் வழக்குத் தொடர்ந்து வென்றார்கள். உரிமை முடிந்த பின்னர், கோர்ண்வாலைச் சேர்ந்த திரெவிதிக் 1804 ஆம் ஆண்டு, உயரழுத்த ஆவியினால் இருப்புப்பாதையில் வண்டியை ஓட்டிக் காட்டினார். ஒன்றைக் காத்து நிற்கும் மனம் பிறர் கதவையும் அடைத்துவிடக் கூடும். ஒருமைப்பாடு நல்லது, அதற்கும் பருவம் உண்டு. தொடங்குகின்றவனுக்கு உயிராயிருக்கும் அது, நிலைபெற்றுவிட்டவனுக்குச் சிறையாகலாம்.

1800 ஆம் ஆண்டு வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டின் மேன்மாடத்திற் சிறு பட்டறை அமைத்து, சிலைகளைப் பிரதி செய்யும் யந்திரமொன்றில் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருந்தார். அதனை விற்க வேண்டிய தேவை இல்லை. எவருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதும் இல்லை. 1819 ஆம் ஆண்டு ஆவணி 25 இல், தமது 83 ஆவது வயதிற் காலமானார். அப்பட்டறை நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 1924 ஆம் ஆண்டு இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இளமையில் நானும் ஒரு பணியைத் தொடங்கினேன். எங்கள் பகுதியில் வயலிலும் பட்டறையிலும் கடலிலும் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி அகராதியாக்குவது என் நோக்கம். சில ஆண்டுகள் அட்டைகளிற் குறித்து வைத்தேன். பிள்ளைகள் பிறந்தார்கள், சம்பளம் போதவில்லை, மாலை நேரங்களை ரியூசன் கொண்டுபோயிற்று. விடுமுறைகளில் அட்டைப் பெட்டியைத் திறப்பேன். எங்கே விட்டேன் என்று தேடி முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும். ஒருநாள் திறந்தபோது கறையான் என்னை முந்திவிட்டிருந்தது. அதன் பின் முப்பது ஆண்டுகளாக, உறுதியற்றவன் என்று என்னையே நொந்து வந்தேன். வகுப்பிலோ உறுதியைப் போதித்தேன். வாட்டின் வரலாறு அந்நோவை முற்றாக ஆற்றவில்லை. ஆனால் எங்கே பிழைத்தேன் என்பதை உணர்த்திற்று. அச்சொற்களைத் திரட்ட எனக்கு ஒரு துணை வேண்டும் என்று நான் எவரிடமும் வாய் திறந்து கேட்டதேயில்லை.

இரண்டு நாளின் பின் மாணவன் வந்தான். ஒடுக்கியின் கதையைப் பழைய வகுப்பறையிற் போலவே படம் கீறி விளக்கினேன். அவனிடம் உறுதியைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அவன் தன் வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதினான். எவை சூடான வேலை, எவை குளிர்ந்த வேலை என்று இருவரும் பிரித்தோம். வேறொரு தொழிலுக்கான யோசனையை அவனே வெட்டினான். வெளிநாட்டு வேலையை வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒதுக்கி, ஏனைய நாள்களில் அதனைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தான். அடைவு நகை மீளும்வரை ரியூசனை விட முடியாது; அதனை எங்களால் வெட்ட முடியவில்லை. எஞ்சி நின்றவை கம்பனியின் கணக்கு, சங்கங்களுக்கு எழுத வேண்டிய கடிதங்கள், நிலுவை கேட்டு நடப்பது ஆகியன.

அவற்றை என்னிடம் தரும்படி கேட்டேன். அவன் கூச்சப்பட்டான், ஆசிரியர் செய்யும் வேலையா இது என்றான். கணக்கெழுதுவது எனக்குக் கைவந்த வேலை. ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை. இப்பொழுது செவ்வாயும் வெள்ளியும் அவனுடைய கணக்குப் புத்தகம் என் மேசைக்கு வருகிறது. மென்பொருள் இன்னும் முடியவில்லை. முடியுமோ என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் சென்ற கிழமை வந்தபோது, நான்கு நாள்கள் தொடர்ந்து ஒரே வேலையில் இருந்ததாக அவன் சொன்னான்.